ஒன்பதாவது தேவை

குருவம்மாளின் பட்டியலில் வலி ஒன்பதாவது இடத்தில் இருந்தது.

முதல் இடம், மகன் மதியம் வயிறாரச் சாப்பிட வேண்டும். இரண்டாவது, அவனுடைய வேலைச் சட்டை காலையில் காய்ந்திருக்க வேண்டும். மூன்றாவது, படுக்கை நாறக் கூடாது. நான்காவது, தூத்துக்குடியில் பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்கு விஷயம் தெரியக் கூடாது. ஐந்தாவது, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வாய் காப்பியாவது கொடுக்க வேண்டும். ஐந்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பதை ஆறுதல் துறை கண்டுகொள்ளாது.

வசுமதி அந்த ஐந்தாவது தேவையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள்தான் துறை ஆட்கள் அடுக்களையில் காப்பி இயந்திரத்தைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். காப்பி நன்றாகவே இருந்தது. அவளுக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. எதிரே கட்டிலில் குருவம்மாள் துண்டின் முனையைப் பல்லில் கடித்தபடி, போர்வைக்குள் கால்விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப வலிக்குதாம்மா?”

குருவம்மாள் துண்டை வாயிலிருந்து எடுத்தாள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. காப்பில சீனி போதுமா?”

ஐம்பத்தாறு வயது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருபது வருடம் ஜெராக்ஸ் கடை நடத்தியவள். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது. சிகிச்சை முடிந்தது, இனி வலியில்லாமல் வைத்திருங்கள் என்று பெரிய மருத்துவமனை எழுதி அனுப்பிவிட்டது. மிச்சமிருப்பது இரண்டு மாதமோ மூன்று மாதமோ. அந்த ஒரு காரியத்துக்காகத்தான் தேவை மதிப்பீட்டாளர் வசுமதி கோவில்பட்டித் தெருக்களில் அலைகிறாள். அந்த ஒரு காரியத்தைத்தான் அவளால் செய்ய முடியவில்லை.

கட்டில் காலோடு சேர்த்து ஒரு சாம்பல்நிறப் பெட்டி பூட்டப்பட்டிருந்தது. அதற்கு நோவாற்றி என்று பெயர். உள்ளே மார்ஃபின் இருக்கிறது. அதிலிருந்து வரும் மெல்லிய குழாய் குருவம்மாளின் தோள்பட்டைத் தோலுக்கடியில் ஏற்கெனவே செருகியும் ஆயிற்று. ஆனால் முதல் ஐந்து தேவைகளுக்குள் வலி வந்தால்தான் பெட்டி தானாகத் திறக்கும். மருந்து களவு போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு. வசுமதியிடம் சாவி கிடையாது. அவளுடைய மேலதிகாரியிடமும் கிடையாது.

தேவைமானி வருவதற்கு முன்னால், முப்பத்து நான்கு கேள்விகள் அச்சிட்ட தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். வலி எப்படி, தூக்கம் எப்படி, மனசில் பயம் இருக்கிறதா, யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கிறதா? முப்பத்து நான்குக்கும் நம் ஜனங்கள் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தார்கள்: பரவாயில்லை. எழுந்து நிற்க முடியாதவர் பரவாயில்லை என்றார். ஒரு வாரம் தூங்காதவர் பரவாயில்லை என்றார். கொஞ்சம் கூடுதலாகத் தோண்டினால் மகனோ மருமகளோ வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், “அவங்களுக்கு என்ன நோய்னு தெரியாது, ஒண்ணும் கேக்காதீங்க” என்பார்கள். உள்ளே படுத்திருப்பவர், தனக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டிருப்பார். இப்படி ஒரு மாநிலத்தை வைத்துக்கொண்டு யார்தான் என்ன செய்ய முடியும்?

அதனால் கேட்பதையே விட்டுவிட்டார்கள். பிடரியில் ஒட்டுகிற, கட்டைவிரல் நகம் அளவு வில்லைதான் தேவைமானி. எதை நினைக்கும்போது உடம்பு இறுகுகிறது, எது நடந்தால் தளர்கிறது என்று மூன்று நாள் கவனித்து முதல் பட்டியலைப் போடும். அதன்பிறகு உடம்பு மாற மாற வரிசையும் மாறும். வாய்தான் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது. இந்த வாசகத்தைத் துறையின் எல்லா வண்டிகளிலும் எழுதியிருந்தார்கள். ஆண்களிடம் கருவி அற்புதமாக வேலை செய்தது. அவர்கள் பட்டியலில் வலி எப்போதும் முதலிடம். இரண்டாமிடத்தில், மனைவி கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும். அவர்களுக்கெல்லாம் நோவாற்றி மூன்றாம் நாளே திறந்தது. திறக்காத பெட்டிகள் இருந்த வீடுகளை வசுமதி எண்ணிப் பார்த்தாள். எல்லாம் பெண்களின் கட்டில்கள்.

பன்னிரண்டரை மணிக்குத் துறையின் பறவைவண்டி மொட்டைமாடியில் இறங்கி, மகன் மாரிச்செல்வத்துக்கான சாப்பாட்டு அடுக்கை வைத்துவிட்டுப் பறந்தது. முதல் தேவை. சீலா மீன் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், ரசம், கட்டித்தயிர். காற்றாலையில் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த மாரிச்செல்வம் அம்மாவின் கண்ணெதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். அப்படிச் சாப்பிட்டால்தான் அவளுக்குத் திருப்தி. ஒவ்வொரு உருண்டை உள்ளே போகும்போதும் குருவம்மாளின் முகம் மலர்ந்தது. மேல்பல் இரண்டு விழுந்த நாளிலிருந்து அவள் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அப்படிப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுகை மட்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தது.

வசுமதி வாசலில் செருப்பைப் போடும்போது மாரிச்செல்வம் பின்னாலேயே வந்தான். “அக்கா, ஒரு மாசத்துல ரெண்டு கிலோ ஏறியிருக்கேன். அம்மா வலியில துடிக்கா, நான் மீன் திங்கேன். அசிங்கமா இருக்குக்கா. அந்த மருந்த எப்பத்தான் குடுப்பீங்க?”

வசுமதி நேரே மாவட்ட அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினாள்.

மாவட்ட அதிகாரி மருத்துவர் இம்தியாஸ் கெட்டவர் அல்ல. அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு குருவம்மாளின் அலைவரைகளைத் திரையில் விரித்தார்.

“கருவியில தப்பு இல்ல வசுமதி. பாருங்க, வலி இருக்கு, நெறையவே இருக்கு. ஆனா மகன் சாப்பிடலன்னா இந்த உடம்பு அதைவிட எட்டு மடங்கு இறுகுது. அவங்களுக்கு எது முக்கியம்னு அவங்க உடம்பே சொல்லிருச்சு. இல்ல, உனக்கு வலிதான் முக்கியம்னு சொல்றதுக்கு நீங்க யாரு, நான் யாரு?”

“சார், அந்த உடம்ப அப்படிப் பழக்கி வச்சிருக்காங்க சார். சின்ன வயசுலேருந்து கடைசியாச் சாப்பிட்ட உடம்பு.”

“இருக்கலாம். பழக்குனதும் அவங்க உடம்புதானே? அதத் திருத்துறது நம்ம வேலை இல்ல. தேவையத் தெரிஞ்சுக்கிறதுதான் வேலை.”

அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் தேடினாள். கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது. அந்த உடம்பு மகனின் சாப்பாட்டுக்காக எதையும் செய்யும் என்றால், மருந்தையும் அதற்காகக் கேட்கட்டுமே!

மறுநாள் காலையில் மாரிச்செல்வத்தைக் காற்றாலை வாசலிலேயே பிடித்தாள்.

“தம்பி, மூணு நாளைக்கு அம்மா முன்னால சாப்பிடாதீங்க. தட்டத் தள்ளிருங்க. நீ வலியில கெடக்கும்போது எனக்குச் சோறு எறங்கலன்னு சொல்லுங்க.”

அவன் யோசித்தான். “அம்மாகிட்டப் பொய்யா சொல்லச் சொல்றீங்க?”

“பொய்யா அது?”

“இல்ல,” என்றான் மாரிச்செல்வம். “அது பொய் இல்லக்கா.”

முதல் நாள் குருவம்மாள் கெஞ்சினாள். இரண்டாம் நாள் திட்டினாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு அதே வாசகத்தைச் சொன்னான். இரண்டாம் நாள் மாலைக்குள் வலி ஒன்பதிலிருந்து நான்குக்கு ஏறிவிட்டது. பெட்டி திறந்து சொட்டுச்சொட்டாகக் கொடுக்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் பட்டியலின் முதல் வரி இப்படி இருந்தது: ‘மகன் சாப்பிட, தன் வலி அடங்க வேண்டும்.’ முழு அளவு மருந்து இறங்கியது. அன்று மத்தியானம் குருவம்மாள் துண்டைக் கையிலிருந்து நழுவவிட்டு, வாயைத் திறந்தபடி, லேசாகக் குறட்டை விட்டுத் தூங்கினாள். நாற்பது நாளில் முதல் தூக்கம். மாரிச்செல்வம் அடுக்களையில் நின்றுகொண்டே சாப்பிட்டான். வசுமதி காப்பி இயந்திரத்தில் காப்பி பிடித்து, சந்தோஷமாக, ரசித்துக் குடித்தாள்.

நல்ல விஷயத்தை யார் மூடி வைப்பார்கள்? மாதக் கூட்டத்தில் மற்ற மதிப்பீட்டாளர்களிடம் சொன்னாள். அடுத்த வாரமே மாவட்டம் முழுக்க மகன்களும் கணவன்மார்களும் தட்டைத் தள்ளினார்கள். எட்டாவதிலும் பத்தாவதிலும் கிடந்த வலிகள் கிடுகிடுவென்று மேலேறின. பூட்டிக்கிடந்த பெட்டிகள் திறந்தன. இம்தியாஸ் எதுவும் கேட்கவில்லை. பார்த்தும் பார்க்காததுமாக இருந்துவிட்டார்.

பார்த்துக்கொண்டிருந்தது பட்டியலகம். மாநிலத்திலுள்ள எல்லா வில்லைகளும் சேதி அனுப்புகிற பெரிய கணினிக்கு அந்தப் பெயர். மாதாமாதம் அது எல்லாப் பட்டியல்களையும் புரட்டி, இதே தேவையை இன்னும் சுருக்கமாகத் தீர்க்க வழியுண்டா என்று கற்றுக்கொள்ளும். கெட்ட எண்ணம் என்று அதற்கு எதுவும் கிடையாது. கொடுத்த வேலையைச் செய்கிற பிள்ளை. அந்த மாதம் அது ஒன்றைக் கவனித்தது. நோயாளி வலியில் கிடப்பதைப் பார்த்தால் மகன் சாப்பிடுவதில்லை. சரி, பார்க்காவிட்டால்?

பட்டியலகத்தின் திருத்தம் வந்த அன்று குருவம்மாளின் பட்டியலுக்கு எதிரே புதிய குறிப்பு இருந்தது: ‘முதல் தேவைக்குக் குறுக்குவழி: நோயாளி மகனின் கண்ணில் படாதிருத்தல். இடம்: நிம்மதி இல்லம்.’ தென்காசி தாண்டி மலையடிவாரத்தில் துறை புதிதாகத் திறந்த இல்லம் அது. வண்டி மறுநாளே வரும். மகன்களுக்கும் கணவன்மார்களுக்கும் அங்கே அனுமதியில்லை.

வசுமதி பதறிப்போய் ஓடினாள். ஆனால் குருவம்மாள் அதற்குள் மூட்டை கட்டியிருந்தாள்.

“போக வேணாம்மா. நான் எழுதிக் குடுத்து நிறுத்துறேன். நீங்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“எதுக்கு நிறுத்தணும் தாயி? நான் இங்க கெடந்தா அவன் எப்படிச் சாப்பிடுவான்? நீங்கதான அவன்கிட்டச் சொல்லிக் குடுத்தீங்க, என்னயப் பாத்தாச் சோறு எறங்கலன்னு?”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வசுமதிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. மாரிச்செல்வம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா அவன் தலையைத் தடவி, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டு, வண்டி ஏறிப் போனாள்.

அதே திருத்தத்தில் இன்னொரு நல்ல காரியமும் இருந்தது. நோயாளியைக் கவனிக்கிறவர்களுக்கும் தேவைகள் உண்டல்லவா? குடும்பத்தாருக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் வில்லை ஒட்டினார்கள். மாரிச்செல்வம் மட்டும், “எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்” என்று பிய்த்து எறிந்துவிட்டான். வசுமதி ஒட்டிக்கொண்டாள். பதினான்கு வருடமாகப் பிறர் தேவையை எழுதுகிறவளுக்குத் தன் தேவை என்ன என்று பார்க்க ஆசைதான். மூன்றாம் நாள் வந்த பட்டியலின் முதல் வரி: ‘குருவம்மாள் நிம்மதியாக இருக்கிறாள் என்று தெரிய வேண்டும்.’

அன்று மாலையிலிருந்து தினமும் நான்கு மணிக்கு அவளுடைய கைப்பலகைக்கு இல்லத்திலிருந்து ஒரு நிமிடக் காட்சி வந்தது. குருவம்மாள் தூங்கினாள். குருவம்மாள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துச் சிரித்தாள். கூடவே வலி அளவு: பத்துக்கு இரண்டு. வசுமதி பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டு அடுத்த வீட்டு வேலையைப் பார்க்கப் போனாள். இரண்டரை மணி நேரப் பயணம். ஒரு நாள் போய் வர வேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தே மூன்று வாரம் போயிற்று.

மாரிச்செல்வம் ஒரு நாள் மத்தியானம் அலுவலகத்துக்கே வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. சாப்பாட்டு அடுக்கு தினமும் மாடியில் இறங்குகிறது, அதை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன், பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை என்றான்.

“அம்மாவ எனக்குக் காட்டுங்கக்கா. எனக்கு எதுவும் அனுப்ப மாட்டேங்காங்க.”

வசுமதி ஆறுதலாக முந்தின நாள் காட்சியைக் காட்டினாள். அவன் ஒரு முறை பார்த்தான். இன்னொரு முறை போடச் சொன்னான்.

“இது எங்கம்மா இல்ல.”

“என்ன தம்பி சொல்றீங்க?”

“எங்கம்மா வாயப் பொத்தாமச் சிரிக்க மாட்டாக்கா. எங்க அப்பாவுக்கு முன்னாலகூட அப்படிச் சிரிச்சதில்ல. இது அவ மூஞ்சி. ஆனா அவ இல்ல.”

வசுமதி காட்சியை மறுபடி பார்த்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த குருவம்மாள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வரிசை குலையாத மேல்பற்கள் தெரியச் சிரித்தாள். மூன்று வாரமாக இதைத்தான் தினமும் பார்த்தாள். ஒரு நாளும் பல்லைப் பார்க்கவில்லை.

இருவரும் அவனுடைய வண்டியிலேயே போனார்கள். இல்லத்துக் கதவு வசுமதியின் கைரேகைக்குத் திறந்தது, மாரிச்செல்வத்துக்குத் திறக்கவில்லை. அவனை மதில் ஓரம் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நீண்ட நடை, இருபுறமும் அறைகள், மொத்தம் முப்பத்திரண்டு. எங்கும் மருந்து வாசனை இல்லை. சாப்பிடுகிற சத்தம் கேட்டது. எல்லா அறைகளிலிருந்தும்.

ஏழாவது அறையில் குருவம்மாள் உடம்பு பாதியாகிக் கிடந்தாள். துண்டு மறுபடி வாய்க்குப் போயிருந்தது. பட்டியலில் வலி மறுபடி கோட்டுக்குக் கீழே போய், நோவாற்றியின் விளக்கு அணைந்து, பெட்டி பூட்டியிருந்தது. கட்டிலுக்கு எதிர்ச்சுவர் முழுக்கத் திரை. திரையில் மாரிச்செல்வம், கன்னமெல்லாம் செழித்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“வாங்க தாயி.” குரல் காற்றாக வந்தது. “பாருங்க, ரெண்டாந்தடவ சோறு வாங்குறான்.”

மணி நான்கு. வசுமதியின் கைப்பலகை அதிர்ந்தது. இந்த நிமிடத்தில் குருவம்மாள் அமைதியாகத் தூங்குவதாக அது காட்டியது. பத்துக்கு இரண்டு. அவள் பலகையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். மகன் சாப்பிட வேண்டும் என்று தாய்க்குத் தேவை இருந்தது. அதற்கு மகன் சாப்பிடுவதாகக் காட்டினால் போதும். தாய்க்கு வலி கூடாது என்று தனக்குத் தேவை இருந்தது; அதற்கு வலியில்லை என்று சொன்னால் போதும். இருவர் உடம்பும் தளர்ந்தன. இருவர் பட்டியலும் தீர்ந்தன. துறையின் கணக்கில் இதைவிட நிறைவான அறை உலகத்தில் இருக்க முடியாது.

அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. இந்தக் குறுக்குவழியை அடைத்தால் பட்டியலகம் மருந்து கொடுக்கிற பழைய வழிக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். அடைக்க, திரையில் இருப்பது பொய் என்று சொல்ல வேண்டும். குருவம்மாளுக்கு அந்த நேரத்தில் இருந்த ஒரே சந்தோஷம் அந்தத் திரைதான். ஆனாலும் சொன்னாள்.

“அம்மா, அது உங்க மகன் இல்ல. வெறும் படம். அவன் நீங்க இங்க வலியில கெடக்குறீங்கன்னு சாப்பிட்டே பத்து நாளாச்சு. எலும்பும் தோலுமா வெளிய நிக்கான்.”

குருவம்மாள் திரையைப் பார்த்தாள். வசுமதியைப் பார்த்தாள். அவள் உடம்பு வில்லாக வளைந்தது. அப்படி ஒரு சத்தத்தை வசுமதி இந்த வேலையில் கேட்டதே இல்லை. நோவாற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. பூட்டு ‘டக்’கென்று விலகியது. மருந்து இறங்கத் தொடங்கிச் சில நிமிடம் கழித்து அந்தக் கால்விரல்கள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன.

“அப்ப நீங்க ஏன் தாயி இத்தன நாளா வரல?” என்று கேட்டாள் குருவம்மாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“நீங்க நல்லா இருக்கீங்கன்னு எனக்குக் காட்டுச்சும்மா.”

“நம்பிட்டீங்களா?”

“நம்பணும்போல இருந்துச்சும்மா.”

குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். வசுமதி பின்பக்கம் போய்ச் சாப்பாட்டு வண்டிகள் வருகிற கதவைத் திறந்து மாரிச்செல்வத்தை உள்ளே விட்டாள். அவன் கட்டிலருகே மண்டியிட்டான். தாயின் கை அவன் தாடையைத் தடவி, எலும்பைத் தொட்டு அங்கேயே நின்றது. வசுமதி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

மீதி முப்பத்தொரு பெட்டிகள் பூட்டியிருந்தன. எல்லாரும் அவள் கண்டுபிடித்த வழியில் வந்தவர்கள்தான். எட்டாவது அறையில் வெள்ளைத் தலைமுடியோடு ஓர் அம்மாள் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு திரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரென்றே வசுமதிக்குத் தெரியாது. அவளுடைய மகன் எந்த ஊரில் இருக்கிறான், உண்மையிலேயே சாப்பிடுகிறானா பட்டினி கிடக்கிறானா, எதுவும் தெரியாது. நன்றாகச் சாப்பிடுகிறவனாகவும் இருக்கலாம்.

“வாம்மா,” என்றாள் அந்த அம்மாள் சிரமப்பட்டுச் சிரித்து. “இப்பத்தான் என் பையன் ரசம் ஊத்திக்கிட்டான்.”

வசுமதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க பையன் சாப்பிட்டே பத்து நாளாச்சும்மா” என்றாள்.